டொக்டர் சொன்னதும் றெனோல்ட் சொன்னதும்

சென்ற வாரம் யோசெப்பினைச் சூசையப்பர் கோயிலின் மரப்படிகளில், முழங்காலில் விட்டுவிட்டு வந்தோம். மொன்றியலில் அந்தப் படிகளை முழங்காலால் ஏறுகிறவர்களுக்கென்றே நடுவில் ஒரு வரிசை ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். மகன் றெனோல்ட் நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு அந்தத் தாய் கடைசிப் படி வரைக்கும் ஏறிவிட்டார். முழங்கால் இரண்டும் வீங்கிப்போய் இருக்கின்றன. மகன் இனி நடக்கமாட்டான் என்பதுதான் அவருக்கு இன்னும் தெரியாது.

மகனுக்குத் தெரியும். அவனுடைய நண்பர்கள் ஏழு பேருக்கும் தெரியும். மறுவாழ்வு மருத்துவமனையில் தரை துடைக்கிறவருக்குக்கூடத் தெரிந்திருக்கும். பெற்றவர்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரியாது.

புதிதாக வருகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜனவரி இரண்டாம் சனிக்கிழமை றெனோல்ட் தன் நண்பன் கீர்த்திகனோடு வடக்கே மலைப்பக்கம் ஸ்னோமொபில் என்கிற பனிவண்டி ஓடப் போனான். பனிக்குள் மறைந்து கிடந்த மரக்குற்றி ஒன்றில் அவனுடைய வண்டி ஏறியது. வண்டி ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம். முதுகெலும்பு முறிந்துவிட்டது. வயது இருபத்தொன்பது. சத்திரசிகிச்சை செய்த டொக்டர்மார் பொறுத்துப் பார்ப்போம் என்றார்கள். பெப்ரவரியில் இந்த மறுவாழ்வு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டபோது, இங்குள்ள பெண் டொக்டர், பொறுத்துப் பார்க்க இனி ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டார். பிரெஞ்சில் சொன்னார்.

பிழை அங்கேதான் நடந்தது. பத்திநாதரும் யோசெப்பினும் இந்த நாட்டுக்கு வந்து இருபத்தைந்து வருடங்களாகியும் பிரெஞ்சு அவர்களிடம் வந்து ஒட்டவில்லை. எட்டு வயதிலிருந்து அந்த வீட்டுக்கு வாய் றெனோல்ட்தான். மின்சாரக் கடிதமோ, பள்ளிக்கூடமோ, கிளினிக்கோ, எதுவென்றாலும் அவன் கேட்டுத் தமிழில் சொல்லுவான். அன்றைக்கும் டொக்டர் பேசி முடித்ததும் அப்பாவும் அம்மாவும் டொக்டரைப் பார்க்கவில்லை. வழக்கம்போல மகனின் வாயைப் பார்த்தார்கள். தன் கால்கள் போய்விட்டன என்று கேட்ட அடுத்த விநாடி, அதை இன்னொருவருக்கு எடுத்துச் சொல்ல யாரால் முடியும்?

"ஆறு மாசம் செல்லுமாம். பேந்து நடக்கலாமாம்" என்று சொல்லிவிட்டான்.

பொய் சொல்வது அரை நிமிட வேலை. அதைக் காவல் காக்க இரண்டு மாதமாக ஏழு பேர் வேண்டியிருந்தது.

இனி இந்தப் புதன்கிழமைக்கு வருவோம்.

காலை எட்டு மணிக்கே கீர்த்திகன் வந்துவிட்டான். யோசெப்பின் அவனுடைய முகத்தைப் பார்ப்பதில்லை. பிள்ளையை மலைக்குக் கூட்டிக்கொண்டு போனவன் அவன்தானே. அதனால் அவன் தினமும் அவர் வருவதற்கு முன்பே வந்து, செய்யக்கூடியதைச் செய்துவிட்டு வேலைக்குப் போய்விடுவான். மற்ற நண்பர்களுக்கு யார் எந்த நாள் வருவது என்று அந்த எழுவரில் ஒருத்தியான சாருஜா வட்ஸ்அப்பில் பட்டியல் போட்டிருக்கிறாள். கீர்த்திகன் பட்டியலில் இல்லை. அவனுக்கு எல்லா நாளும்தான்.

கட்டிலின் முனையில் குந்தியிருந்து றெனோல்டின் காலுறையை மாட்டினான். மாட்டிவிட்டு, ஒரு சுருக்கமும் இல்லாமல் விரலால் நீவி நீவிச் சரிபார்த்தான். உணர்ச்சியில்லாத காலில் ஒரு சின்னச் சுருக்கம் அழுத்தினாலும் புண் வந்துவிடும் என்று தாதி சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"இண்டைக்கு ரெண்டு மணிக்குத்தானே கூட்டம்?"

"ஓம்."

"அப்ப நீ இன்னும் சொல்லேல்லை."

"நீ சொல்லன்" என்றான் றெனோல்ட்.

"நானோ? அன்ரி என்னைக் கண்டா மற்றப் பக்கம் திரும்புறா. என்ர வாயால இதையும் கேக்கோணுமே?" கீர்த்திகன் மற்றக் காலை எடுத்து மடியில் வைத்தான். "மச்சான், இண்டைக்கு அவைக்குத் தெரியாட்டி உன்னை வீட்டை போக விடமாட்டாங்கள். அது விளங்குதோ உனக்கு?"

விளங்கியது. விளங்காமல் என்ன? மாத முடிவில் றெனோல்டை இங்கிருந்து அனுப்பிவிடுவார்கள். கர்க்லாண்டில் இருக்கும் வீட்டுக்குப் போவதென்றால் முன்வாசலில் உள்ள ஐந்து படிகளுக்கும் மேலாகச் சக்கரநாற்காலி ஏறச் சாய்தளம் போட வேண்டும், கதவுகளை அகலமாக்க வேண்டும், குளியலறையை மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் நீண்டகாலப் பராமரிப்பு இல்லம்தான். அங்கே பக்கத்துக் கட்டிலில் எண்பது வயதுக்காரர் இருப்பார். சாய்தளத்துக்கான பலகைகளை நண்பர்கள் அளந்து வெட்டிக் கொண்டுபோய் இறக்கினார்கள். யோசெப்பின் வாசலில் நின்று திருப்பி அனுப்பிவிட்டார். "ஆறு மாசத்துக்கு ஏன் பிள்ளையள் இது? அவன் ஓகஸ்டில நடந்து வந்து ஏறுவான்" என்றாராம். கதவை அளக்க வந்தவர்களையும் அப்படியே அனுப்பினார். அதைக் கேட்ட மருத்துவமனைச் சமூக சேவகிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்தத் தாய்க்கு யாரும் விஷயத்தைச் சொல்லவில்லையோ? இன்றைய கூட்டத்துக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை ஒழுங்கு செய்துவிட்டார்.

"பலகையெல்லாம் என்ர கராஜுக்குள்ள கிடக்கு" என்றான் கீர்த்திகன். "நீ சொல்லு. சனிக்கிழமை ஏழு பேரும் நிப்பம். பின்னேரத்துக்குள்ள முடிஞ்சிடும்."

றெனோல்ட் அவனுடைய தலையின் உச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். கீர்த்திகன் குனிந்தபடி இன்னும் காலுறையைத்தான் நீவிக்கொண்டிருந்தான்.

"நீ என்னை அண்டைக்கு அங்கயே விட்டிட்டு வந்திருக்கலாம்."

கீர்த்திகனின் கை நின்றது. அன்றைக்கு மீட்பு வண்டி வந்து சேர இரண்டு மணித்தியாலம் ஆனது. அந்த இரண்டு மணித்தியாலமும் தன் ஜக்கெட்டைக் கழற்றி றெனோல்டுக்குப் போர்த்திவிட்டு, அவனோடு ஒட்டிப் படுத்திருந்து, நித்திரை கொள்ளவிடாமல் கதைத்துக்கொண்டே இருந்தவன் அவன். அதில் இடது கையின் இரண்டு விரல் நுனிகள் இன்றைக்கும் மரத்துப்போய் இருக்கின்றன. இப்படி ஒரு சொல்லைக் கேட்பதற்கா?

"விசர்க்கதை கதையாதை" என்று மட்டும் சொன்னான். பிறகு சப்பாத்தையும் மாட்டிவிட்டு வேலைக்குப் போனான். லிஃப்டுக்குள் நின்று அழுதான் என்று சாருஜா பிற்பாடு சொன்னாள்.

பதினொன்றரைக்கு யோசெப்பின் வந்தார். இரண்டு பஸ் மாறி, பனி உருகிச் சேறாகிக் கிடந்த தெருவால் நொண்டிக்கொண்டு வந்திருந்தார். தவக்காலமாதலால் அவருக்கு ஒரு நேரச் சாப்பாடுதான். மகனுக்கு மட்டும் குறைவில்லாமல் குரக்கன் புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் பொரித்த மீனும் இருந்தன.

அவன் சாப்பிட்டு முடித்ததும் கோயிலில் மந்திரித்த எண்ணெய்ப் போத்தலை எடுத்தார். கீர்த்திகன் கவனமாக மாட்டிவிட்டுப்போன காலுறைகளைக் கழற்றி, பாதத்திலிருந்து முழங்கால் வரை தேய்க்கத் தொடங்கினார். வாய் செபமாலையை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு பத்துச் செபமணி முடியும்போதும் ஒரு கேள்வி.

"தெரியுதோ ராசா?"

"கொஞ்சம் தெரியுது அம்மா."

"நேற்றையிலும் பாக்க?"

"ஓம். நேற்றையிலும் பாக்கக் கொஞ்சம்."

யோசெப்பினின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தைப் பார்க்க வேண்டும். இந்த முகத்துக்காகத்தானே இவன் இரண்டு மாதமாகச் செத்துக்கொண்டிருக்கிறான். அவருடைய கைகள் காலில் மேலும் கீழும் போய்வந்தன. அவை யாரோ ஒருவருடைய கால்களாக அங்கே கிடந்தன.

"பங்குச் சுவாமியிட்டைக் கேட்டிட்டன்" என்றார் யோசெப்பின். "ஓகஸ்டில நேர்த்திப் பூசை. பிறகு எல்லாரும் சூசையப்பர் கோயிலுக்குப் போறம். சுகப்பட்ட சனம் ஊன்றுகோலுகளை அங்கை விட்டிட்டுப் போயிருக்கெல்லே, அதுக்குப் பக்கத்தில உன்ர இந்தச் சக்கரக் கதிரையையும் வைக்கிறம்."

இப்போது சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தும்விட்டான்.

"அம்மா, இண்டைக்குக் கூட்டத்துக்கு ஒரு தமிழ் ஆள் வரும். டொக்டர் சொல்லுறதை உங்களுக்குச் சொல்ல."

"ஏன்? நீ இருக்கிறாய்தானே?"

"நான் இருக்கிறன். ஆனா..."

"உனக்குக் களைப்பெண்டு நினைச்சிருப்பினம். அவை வந்தா வரட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பத்து மணியைத் தொடங்கினார் அம்மா. அந்தச் சந்தர்ப்பமும் போயிற்று.

ஒன்றே முக்காலுக்கு அவன் தாழ்வாரத்தில் தனியே காத்திருந்தான். பத்திநாதர் அப்போதுதான் தான் வேலைசெய்யும் ஜான்-டலோன் காய்கறிச் சந்தையில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்து, கை கழுவப் போயிருந்தார். கூட்ட அறை வாசலில், நரைத்த தலையும் பருத்திச் சேலையும் குளிர்ச் சப்பாத்துமாக ஓர் அம்மா வந்து நின்றார். கழுத்தில் தொங்கிய அட்டையில் ஞானாம்பிகை என்று எழுதியிருந்தது. வைத்தியசாலைகளிலும் நீதிமன்றத்திலும் இருபது வருடமாக மொழிபெயர்க்கிறவராம்.

றெனோல்ட் சக்கரநாற்காலியை உருட்டிக்கொண்டு கிட்டப் போனான். எல்லாவற்றையும் சொன்னான். சொல்லி முடிக்க மூன்று நிமிடம்கூட ஆகவில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் எல்லாம் எவ்வளவு சுலபமாக வருகிறது!

"அன்ரி, கொஞ்சம் மாத்திச் சொல்லேலாதோ? வருசக் கணக்காச் செல்லும் எண்டு மட்டும்? மிச்சத்தை நான் ஆறுதலாச் சொல்லுறன்."

ஞானாம்பிகை அவனை இரக்கத்தோடுதான் பார்த்தார். ஆனால் தலையை ஆட்டினார். "ஏலாது தம்பி. சத்தியம் பண்ணித்தான் இந்த வேலைக்கு வந்தனான். அவ சொல்லுறதைத்தான் சொல்லுவன்." பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "உங்களுக்கு இன்னும் பத்து நிமிசம் இருக்கு. நீங்கள் முந்திச் சொன்னா அவைக்கும் நல்லது."

அந்தப் பத்து நிமிடத்தில் பத்திநாதர் வந்து மகனின் தோளைத் தட்டி, சந்தையில் தெற்கேயிருந்து ஸ்ட்ரோபெரி வந்து இறங்கிவிட்டது என்றார். யோசெப்பின் வந்து மகனின் கழுத்துப்பட்டியைச் சரிசெய்தார். றெனோல்ட் ஸ்ட்ரோபெரியைப் பற்றிக் கேட்டான். ஸ்ட்ரோபெரியைப் பற்றி! கோழை என்று நீங்கள் திட்டினால் நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் நீங்களும் நானும் என்ன செய்திருப்போம் என்று எனக்குத் தெரியவில்லை.

இரண்டு மணிக்கு எல்லோரும் மேசையைச் சுற்றி இருந்தார்கள். டொக்டர் ஒரு பக்கம், சமூக சேவகி ஒரு பக்கம். டொக்டர் சுற்றிவளைக்காமல் பேசினார். ஞானாம்பிகை அதைத் தாழ்ந்த குரலில் தமிழில் சொன்னார்.

"மகனுடைய முதுகுத்தண்டு முழுதாகச் சேதமாகிவிட்டது. இது நிரந்தரம். அவர் இனி நடக்கமாட்டார். வீட்டுக்கு வருவதென்றால் வீட்டை மாற்ற வேண்டும்."

யோசெப்பின் சிரித்தார். ஆம், சிரித்தார். புதிதாக வேலைக்கு வந்த ஒருவர் பிழை விடும்போது சிரிப்பதுபோல.

"அக்கா, குறை நினையாதேங்கோ. டொக்டர்மாரின்ர கதை உங்களுக்கு வடிவா விளங்கேல்லைப் போல. என்ர பிள்ளை இருபது வருசமா எங்களுக்கு எல்லாம் சொல்லுறவன். ஒரு நாளும் பிழை விட்டதில்லை." மகன் பக்கம் திரும்பினார். "றெனோல்ட், அவ என்ன சொன்னவ எண்டு நீ சொல்லு."

அப்பாவும் அம்மாவும் அவனுடைய வாயைப் பார்த்தார்கள்.

அவன் டொக்டரிடம், சொன்னதை இன்னொரு முறை சொல்லும்படி பிரெஞ்சில் கேட்டான். அவர் சொன்னார். றெனோல்ட் கிளினிக்கிலும் பள்ளிக்கூடத்திலும் எப்படிச் சொல்லுவானோ அப்படியே சொன்னான்.

"டொக்டர் சொல்லுறா, உங்கட மகன்ர முதுகுத்தண்டு முழுசாப் பழுதாப் போச்சாம். அது திரும்ப வராதாம். உங்கட மகன் இனி நடக்கமாட்டானாம்."

மேசையில் யாரோ பேனாவை வைத்த சத்தம் கேட்டது. யோசெப்பினின் சிரிப்பு இன்னும் முகத்தில் இருந்தது. அதை எடுத்துவிட வேண்டும் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை.

முதலில் பேசியது பத்திநாதர். "தம்பி, அவவிட்டைக் கேள். இதை அவ எப்ப முதல் சொன்னவ?"

"அப்பா..."

"கேளடா."

கேட்டான். தன் பொய்யைத் தானே எழுப்பிக் கூட்டிவருகிற கேள்வி அது. ஆனாலும் ஒரு சொல்லும் மாற்றாமல் கேட்டான். டொக்டர் தயங்கவில்லை. அவருக்கு அது நன்றாக நினைவிருந்தது. அவர் சொல்லச் சொல்ல, றெனோல்ட் ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னான்.

"பெப்ரவரியிலயாம். இதே அறையிலயாம். அவ சொல்லி முடிய, நீங்கள் எழும்பிப் போய் அவவின்ர ரெண்டு கையையும் பிடிச்சு, மெர்சி மெர்சி எண்டு நாலு தரம் சொன்னியளாம். அம்மா அவவைக் கட்டிப்பிடிச்சவவாம்." அடுத்த வசனத்தையும் கேட்டுச் சொல்லி முடித்தான். "இப்பிடி ஒரு செய்தியைச் சொன்னதுக்கு ஒருத்தரும் தனக்கு அப்பிடி நன்றி சொன்னதில்லையாம். பெரிய விசுவாசமுள்ள சனம் எண்டு நினைச்சவவாம்."

பத்திநாதர் தன் கைகளை மேசைக்குக் கீழே எடுத்துக்கொண்டார். மல்லித்தழை வாசம் போகாத, பெட்டி தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன கைகள் அவை. கண்ணீர் வரவில்லை. இருபத்தொன்பது வயதுப் பிள்ளையின் முன்னால் அவருக்கு வெட்கமாக இருந்தது. நம்பியதற்காக வெட்கப்பட வேண்டியிருந்ததுதான் கொடுமை.

சமூக சேவகி படிவத்தை முன்னே தள்ளினார். மாத முடிவில் எங்கே போவது, வீடா, இல்லமா? இதை ஞானாம்பிகையே தமிழில் சொன்னார்.

"வீட்டை எண்டு எழுதச் சொல்லு தம்பி" என்றார் பத்திநாதர். "இதில கேக்க என்ன கிடக்கு?"

றெனோல்டுக்கு மூச்சு வந்தது. சொல்ல வாயெடுத்தான்.

"பொறு" என்றார் யோசெப்பின்.

சிரிப்பு போயிருந்தது. மகனை நேரே பார்த்தார். "போன வருசம் என்ர நெஞ்சில கட்டி எண்டு கிளினிக்குக்குப் போனம். டொக்டர் பத்து நிமிசம் கதைச்சவர். ஒண்டுமில்லையாம் எண்டு நீ எனக்குச் சொன்னனி."

"அது உண்மை அம்மா. சத்தியமா. அவர் அப்பிடித்தான் சொன்னவர்."

"காலையில கால் தெரியுது எண்டும் சொன்னனி."

கிளினிக் விஷயம் உண்மைதான். ஆனால் அதை உண்மை என்று காட்ட அவனிடம் அவனுடைய சொல்லைத் தவிர வேறு என்ன இருந்தது?

"இருபது வருசமா இந்த நாடு என்ன சொல்லுது எண்டு நான் உன்ர வாயாலதான் கேட்டனான்" என்றார் யோசெப்பின். "எதை நீ மாத்தினனி, எதை மாத்தேல்லை? நான் எங்க போய்க் கேப்பன்? முழங்கால் ரெண்டும் போச்சு றெனோல்ட். படியில ஏறேக்க ஒவ்வொரு படிக்கும் நன்றி சொல்லிக்கொண்டெல்லோ ஏறினனான்."

"அம்மா, நீங்கள் உடைஞ்சிடுவியள் எண்டுதான்..."

யோசெப்பின் தன் கதிரையைத் திருப்பினார். அது லேசான கதிரை இல்லை. வீங்கிய முழங்காலோடு அரைவாசி எழுந்து, இரண்டு கையாலும் இழுத்து, ஞானாம்பிகையின் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு இருந்தார்.

"அக்கா, இனி நீங்கள் சொல்லுங்கோ."

"அம்மா, நான் சொல்லுறன்" என்றான் றெனோல்ட்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. "டொக்டருக்குச் சொல்லுங்கோ அக்கா. வீட்டை எண்டு சொன்னது இவர். நான் சொல்லேல்லை. வீட்டில இருந்து அவனைப் பாக்கப்போறது நான்தான். அந்தப் பேப்பரில என்ர கையெழுத்தை இண்டைக்கு ஒருத்தரும் கேக்கவேண்டாம்."

ஞானாம்பிகை ஒரு கணம் றெனோல்டைப் பார்த்தார். பிறகு டொக்டர் பக்கம் திரும்பி அதைச் சொல்லுக்குச் சொல் பிரெஞ்சில் சொன்னார். சமூக சேவகி எழுதிக்கொண்டார்.

எட்டு வயதுக்குப் பிறகு, அம்மா பேசியதை வேறு ஒருவர் பிரெஞ்சில் சொல்ல அவன் கேட்பது இதுதான் முதல் தடவை. எங்காவது ஒரு சொல் தவறாதா, நான் திருத்தமாட்டேனா என்று காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான். ஒரு பிழைகூட இல்லை.